கேட்ட எந்திரமும் கேளாத எந்திரமும்

டீக்கடைப் பெண்களைக் கேட்டு நடந்தது ஒன்று. தபால் ஆபீஸ்காரர்களைத் திருடர் ஆக்கியது மற்றொன்று!

இங்கிலாந்தின் தென்பகுதியில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சிறிய கிராமம். அங்கே ஒரு கடை. ரொட்டி, பால், மிட்டாய் எல்லாம் கிடைக்கும். அதே கடையின் ஒரு பக்கத்தில் தபால் ஆபீசும் இருந்தது. இரண்டையும் நடத்தியவர் ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி.

2003ஆம் ஆண்டு. ஒரு நாள் ஜோ தபால் ஆபீஸ் கணக்கை முடித்தார். மேஜை மேல் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் திரையில், பெட்டியில் இருக்க வேண்டிய பணத்தில் 2,000 பவுண்டு குறைகிறது என்று வந்தது.

ஜோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணத்தை அவர் எடுக்கவில்லை. வேறு யாரும் எடுத்ததாகவும் தெரியவில்லை.

சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்திருந்தார்கள். அதைக் கூப்பிட்டார். மறுமுனையில் இருந்தவர் "இதை அமுக்குங்கள், அதை அமுக்குங்கள்" என்றார். ஜோ அப்படியே செய்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

குறைவு 4,000 பவுண்டு ஆகியிருந்தது! கண் எதிரிலேயே இரண்டு மடங்கு!

"என்ன ஆனாலும் பணத்தை நீங்கள்தான் கட்டவேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் ஒப்பந்தம். ஜோ வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். அதற்குப் பிறகும் குறைவு நிற்கவில்லை. கடைசியில் 36,000 பவுண்டு திருடியதாக அவர் மேல் வழக்கு வந்தது.

இப்படி அகப்பட்டவர் ஜோ ஒருவர் அல்ல. நூற்றுக்கணக்கான பேர்!

அந்தக் கம்ப்யூட்டர் முறையின் பெயர் ஹொரைசன். அடிவானம் என்று பொருள். அதைச் செய்த கம்பெனிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அந்தப் பூர்வீகம் ஒரு டீக்கடையில் தொடங்குகிறது. டீக்கடையில் தொடங்கியபோது எந்திரம் நல்ல பெயர் வாங்கியது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அதே வம்சத்தில் வந்தது கண்ணீரை வரவழைத்தது.

ஏன்?

டீக்கடையில் பிறந்த கம்ப்யூட்டர்

லயன்ஸ் என்பது லண்டனில் பேர்போன கம்பெனி. 1894ல் பிக்காடில்லி தெருவில் முதல் டீக்கடை திறந்தது. பிறகு ஊரெங்கும் கடைகள். வெள்ளையும் தங்க நிறமுமான முகப்பு. சுறுசுறுப்பாகப் பரிமாறும் பெண்கள். அவர்களுக்கு 'நிப்பி' என்று செல்லப் பெயர்.

ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் மிகவும் சொற்பம். விற்பதோ லட்சக்கணக்கான கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்கு. கணக்கு எழுதுகிற செலவு லாபத்தைத் தின்றுவிடக்கூடாதே! ஆகவே, ஆபீஸ் வேலையை எப்படிச் சுருக்குவது என்று ஆராய்வதற்கென்றே லயன்ஸ் கம்பெனி 1930களில் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது.

ஜான் சிம்மன்ஸ் என்ற கணித மேதை இந்த வேலைகளுக்குத் தலைவர். 1947ல் அவர் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார். தாம்சன் என்பவர் ஒருவர். ஸ்டாண்டிங்போர்டு என்பவர் மற்றொருவர். அங்கே புதிய ஆபீஸ் எந்திரங்களைப் பார்த்து வருவதற்காகப் போனார்கள்.

பிரின்ஸ்டன் நகரில் ஒரு விஞ்ஞானி அவர்களை வரவேற்றார். அவர் சொன்ன செய்தி வேடிக்கையானது. "உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஒரு கம்ப்யூட்டர் தயாராகிறதே, தெரியாதா?" என்றார்.

இருவரும் ஊர் திரும்பினார்கள். கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். லயன்ஸ் கம்பெனி அந்த ஆராய்ச்சிக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. உதவிக்குத் தன் ஆள் ஒருவரையும் அனுப்பியது. 1949 மே மாதம் 6ஆம் தேதி கேம்பிரிட்ஜ் எந்திரம் வேலை செய்தது. அதைப் பார்த்து, லயன்ஸ் தனக்கென்று சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைச் செய்தது. பிங்கர்ட்டன் என்ற எஞ்சினீயர் அதை அமைத்தார். அதன் பெயர் 'லியோ'.

லியோ இன்றைய கம்ப்யூட்டர் மாதிரி மேஜை மேல் அடங்குவது அல்ல. பெரிய ஹால் முழுக்க அலமாரி அலமாரியாக நின்றது. ரேடியோவில் இருக்கும் வால்வுகளைப் போல அதில் சுமார் 6,000 வால்வுகள். 1951 நவம்பரில் அது ரொட்டித் தொழிற்சாலைக் கணக்கைப் போட்டது. ஒரு கம்பெனியின் அன்றாட ஆபீஸ் வேலையை உலகத்திலேயே முதன்முதல் செய்த கம்ப்யூட்டர் லியோதான் என்று கூறப்படுகிறது.

ஒரு டீக்கடைக் கம்பெனிக்கு இந்தப் பெருமை எப்படிக் கிடைத்தது? எந்திரத்தினால் மட்டும் அல்ல. மனிதர்களை நடத்திய விதத்தினாலும்தான்.

குமாஸ்தாக்களே கற்றுக்கொண்டார்கள்

எந்திரத்துக்கு வேலை சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்கு லயன்ஸ் வெளியே ஓடவில்லை. தன் ஆபீசுக்குள்ளேயே தேடியது.

டேவிட் காமினர் என்பவர் 1936ல் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். கம்பெனியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர். லியோவுக்கு எந்த வேலையை எப்படிக் கொடுப்பது என்று திட்டம் போடும் பொறுப்பு அவரிடம் வந்தது.

கம்பெனி ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். கடினமான வகுப்பு. பகலில் பாடம், இரவில் வீட்டுக் கணக்கு. அதில் தேறியவர்களுக்கு லியோவில் வேலை. அப்படித் தேறியவர்களில் ஒருவர் மேரி கூம்ப்ஸ். 1952ல் லயன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துவந்த பெண். வியாபாரக் கம்ப்யூட்டருக்கு வேலைத் திட்டம் எழுதிய முதல் பெண் என்று பிறகு அவர் புகழ் பெற்றார். 2022ல் காலமானார்.

இதனால் என்ன நன்மை? கணக்கு எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் தவறு வரும், சனிக்கிழமை எந்தக் கடையில் கூட்டம் அதிகம் என்பதெல்லாம் அறிந்தவர்களே எந்திரத்துக்குப் பாடம் சொன்னார்கள்.

சம்பளக் கணக்கு

அடுத்தது சம்பளக் கணக்கு. இது ஆபத்தான வேலை. கேக் கணக்கு ஒரு நாள் பிசகினால் சரிசெய்துவிடலாம். சம்பளம் பிசகினால் வீட்டில் அடுப்பு எரியாது. எந்திரத்தின் மேல் இருக்கிற நம்பிக்கையும் அன்றோடு போய்விடும்.

தேர்ந்த குமாஸ்தா ஒருவருக்கு ஓர் ஆளின் சம்பளம் கணக்கிட எட்டு நிமிஷம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை வினாடி போதும். ஆனாலும் லயன்ஸ் அவசரப்படவில்லை. சில வாரங்கள் இரண்டு கணக்கும் நடந்தன. குமாஸ்தாக்கள் பழையபடி கையால் போட்டார்கள். லியோவும் போட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருப்தி ஏற்பட்ட பிறகுதான், 1954 பிப்ரவரியில், கைக்கணக்கை நிறுத்தினார்கள்.

கணக்கு போடும்போதே அதைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்து எழுதினார்கள். எந்திரமும் தவறு செய்யும் என்ற எண்ணம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது. ஆறாயிரம் வால்வில் ஒன்று கெட்டாலும் கணக்கு கெடும் அல்லவா?

கடைசி வார்த்தை யாருடையது?

1954ல் டீக்கடைகளின் முறை வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மானேஜர். எல்லோரும் பெரும்பாலும் பெண்கள். நாளைக்கு எத்தனை கேக், எத்தனை ரொட்டி வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தலைமை இடத்துக்குச் சொல்லவேண்டியது அவர்கள் வேலை. அதற்குத் தினமும் பாரம் பாரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதை லியோ எப்படி எடுத்துக்கொண்டது?

திங்களுக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று குறித்துவைக்கப்பட்டது. வழக்கம்போல் போதும் என்றால் மானேஜர் ஒன்றும் எழுத வேண்டாம். மாற்றம் இருந்தால் மட்டும் சொன்னால் போதும். அதுவும் டெலிபோனில்!

பிற்பகலில் தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண் டெலிபோனில் பேசுவார். "நாளைக்கு வெயில் அடிக்கும்போல இருக்கிறது, ஐஸ்கிரீமைக் கூட்டுங்கள்; சூப்பைக் குறையுங்கள்" என்கிற மாதிரி மானேஜர் சொல்லலாம். கேட்டுக்கொண்டே அந்தப் பெண் அட்டையில் துளை போட்டுவிடுவார். அட்டைகள் லியோவுக்குள் போகும். எந்தக் கடைக்கு எது, எந்த வண்டியில் என்று லியோ அச்சடித்துக் கொடுக்கும். மறுநாள் சரக்கு கடைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தன் கடைக்கு எவ்வளவு விற்கும் என்று தெரிந்தவர் அந்தக் கடையின் மானேஜர். தெருக்கோடியில் பள்ளிக்கூடத்தில் விழா என்று எந்திரத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். எனவே முடிவு அவர் கையிலேயே இருந்தது. எழுதுகிற சுமை மட்டும் எந்திரத்துக்குப் போயிற்று. அவர் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. டெலிபோனில் பேசத்தான் அவருக்கு ஏற்கெனவே தெரியுமே!

வேலையைக் குறைத்தது; அதிகாரத்தைப் பறிக்கவில்லை. எந்திரம் நிலைத்துவிட்டது.

வம்சம் வளர்ந்தது

லியோவின் புகழ் பரவியது. வேறு கம்பெனிகளும் தங்கள் சம்பளக் கணக்கை லியோவிடம் கொடுத்தன. லயன்ஸ் 1954ல் கம்ப்யூட்டர் செய்து விற்பதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. 1960களில் பிரிட்டிஷ் தபால் இலாகாவே லியோ எந்திரங்களை வாங்கியது. டெலிபோன் பில் போடுவது போன்ற வேலைகளுக்கு அவை பயன்பட்டன. கடைசி லியோ 1981 வரை உழைத்தது.

லியோ கம்பெனி 1963ல் இன்னொரு பெரிய கம்பெனியோடு சேர்ந்தது. அது 1968ல் மற்றொன்றோடு இணைந்து ஐ.சி.எல். ஆயிற்று. 1990ல் ஐ.சி.எல். கம்பெனியின் பெரும் பங்கை ஜப்பானின் புஜிட்சு வாங்கியது.

அந்த ஐ.சி.எல். கம்பெனிக்குத்தான் 1996ல் தபால் ஆபீஸ்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் வேலை கிடைத்தது. அரசாங்க உதவிப் பணத்தை அட்டை மூலம் கொடுப்பதும் முதலில் அந்தத் திட்டத்தில் இருந்தது. 1999ல் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. மீதி இருந்ததை தபால் ஆபீஸ் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அதுதான் ஹொரைசன்.

பொறி

இங்கிலாந்தில் பெரும்பாலான சிறு தபால் ஆபீஸ்களை நடத்துபவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. சொந்தக் கடையோடு சேர்த்து, ஒப்பந்தத்தின் பேரில் நடத்துகிறவர்கள். துணைப் போஸ்ட் மாஸ்டர்கள் என்று பெயர். கிராமத்தில் அவர்களுக்கு நல்ல மதிப்பு. கிழவர்களுக்குப் பென்ஷன் கொடுப்பதும் அவர்களே. நல்லது கெட்டது விசாரிப்பதும் அவர்களே.

முன்பு அவர்கள் வாரந்தோறும் கையால் கணக்கு எழுதினார்கள். பணம் குறைந்தால் நோட்டைப் புரட்டுவார்கள். சீட்டுகளைப் பார்ப்பார்கள். எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பார்கள்.

ஹொரைசன் வந்தது. 1999 முதல் ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் பல ஆயிரம் தபால் ஆபீஸ்களில் வைத்தார்கள். ஓரிரு நாள் பயிற்சி. சோதனை நடந்த நாளிலேயே கணக்கு நேராகவில்லை என்று முறையீடுகள் வந்தன. ஆனாலும் வேலை நிற்கவில்லை.

இப்போது நோட்டு இல்லை. கணக்கு எல்லாம் கம்ப்யூட்டருக்குள். துணைப் போஸ்ட் மாஸ்டருக்குத் தெரிவது கடைசித் தொகை. அது எப்படி வந்தது என்று தோண்டிப் பார்க்க வழி இல்லை.

ஒப்பந்தமோ பழைய ஒப்பந்தம். நஷ்டத்துக்குப் பொறுப்பு துணைப் போஸ்ட் மாஸ்டர். சந்தேகமான தொகையைத் தனியாக ஒதுக்கிவைக்கக் கணக்கில் ஓர் இடம் இருந்தது. 2005ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பொறி எப்படி இருந்தது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் 4,000 பவுண்டு குறைகிறது என்கிறது. பெட்டியில் அந்தப் பணம் இல்லை. "இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கணக்கு தொடங்கும். மறுநாள் கடையைத் திறக்கலாம். ஒப்புக்கொண்டால் அது பொய்க் கணக்கு. பொய்க் கணக்கு குற்றம்!

டெலிபோனில் உதவி கேட்டவர்கள் பலருக்கு ஒரே பதில் கிடைத்தது. "வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லையே. உங்களுக்கு மட்டும்தான்."

அந்த நாளில் இங்கிலாந்தில் தபால் ஆபீஸ் நிர்வாகம் தானே விசாரித்து, தானே வழக்குப் போட்டது. பணம் போனது என்று புகார் சொல்வதும் அதுவே. விசாரிப்பதும் அதுவே. குற்றம் சாட்டுவதும் அதுவே. சட்டமும் அந்தச் சமயத்தில் மாறியிருந்தது. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்தது என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்பவர்தான் ஐயத்தைக் கிளப்ப வேண்டும். கிராமத்துக் கடைக்காரர் எப்படிக் கிளப்புவார்?

கர்ப்பிணிக்கு ஜெயில்

சீமா மிஸ்ரா இந்திய வம்சாவளிப் பெண். லண்டனுக்குத் தெற்கே வெஸ்ட் பைப்லீட் என்ற ஊரில் 2005ல் தபால் ஆபீசும் கடையும் வாங்கினார். தொடக்கத்திலிருந்தே கணக்கு குறைந்தது. வேலையாட்கள் எடுத்திருப்பார்களோ என்று அவர்கள் மேல் சந்தேகம் கொண்டார். உறவினர்களிடம் கடன் வாங்கிக் கட்டினார். 74,000 பவுண்டு திருடியதாக வழக்கு.

2010 நவம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு. பதினைந்து மாத ஜெயில். அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வயிற்றில் எட்டு வாரக் கரு. கோர்ட்டிலேயே மயங்கி விழுந்தார். விடுதலையாகி இரண்டாவது குழந்தை பிறந்தபோது, காவலுக்குரிய மின்பட்டை அவர் உடலில் இருந்தது.

ஜோ ஹாமில்டன் ஜெயிலுக்குப் பயந்தார். பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். அதனால் திருட்டுக் குற்றச்சாட்டை விட்டார்கள். ஆனால் சவுத் வார்ன்பரோ கிராமம் அவரைக் கைவிடவில்லை. ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தீர்ப்பு நாளன்று கோர்ட்டுக்கே திரண்டு வந்தார்கள். "ஜோ திருடமாட்டாள்" என்பது அவர்களுக்குத் தெரியும். எந்திரத்துக்கும் தபால் ஆபீஸ் தலைமைக்கும் மட்டும் தெரியவில்லை! அதன் பிறகு ஜோ வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார்.

மடங்காத மனிதர்

வேல்ஸ் நாட்டில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊர். அங்கே ஆலன் பேட்ஸ் என்பவரும் அவருடைய துணைவியும் 1998ல் சேமிப்பைப் போட்டுத் தபால் ஆபீஸ் வாங்கினார்கள். 2000ல் ஹொரைசன் வந்தது. சில வாரங்களில் 6,000 பவுண்டு குறைந்தது.

பேட்ஸ் கடைகளில் வைக்கும் மின்னணு எந்திரங்களில் முன்பே அனுபவம் உள்ளவர். இரவெல்லாம் காகிதச் சுருள்களை ஆராய்ந்தார். பெரும்பகுதி எப்படி வந்தது என்று கண்டுபிடித்தார். ஒரே தொகை இரண்டு தடவை பதிந்திருந்தது. மீதி ஆயிரத்துச் சொச்சத்துக்குக் காரணம் காட்டுங்கள் என்றார். காட்டாமல் கட்டமாட்டேன் என்றார்.

2003ல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார்கள். போட்ட முதல் போயிற்று. பேட்ஸ் அடங்கவில்லை.

2009ல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற பத்திரிகை ஏழு துணைப் போஸ்ட் மாஸ்டர்களின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு பென்னி காம்ப்டன் என்ற சிற்றூரின் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராகக் கதை சொன்னார்கள். "உங்களுக்கு மட்டும்தான்" என்று தம் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது!

கோர்ட்டில் வெளிவந்த உண்மை

பேட்ஸ் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டார்கள். 2019ல் நீதிபதி பிரேசர் இரண்டு பெரிய தீர்ப்புகளை வழங்கினார்.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு கோளாறு: 2015ல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில், ஒருவர் 8,000 பவுண்டு வந்ததைப் பதிந்தார். திரை அசையாமல் நின்றது. மறுபடியும் மறுபடியும் பொத்தானை அமுக்கினார். ஒவ்வோர் அமுக்கலுக்கும் 8,000 ஏறிவிட்டது. வராத 24,000 பவுண்டு வந்ததாகக் கணக்காயிற்று. ஆராய்ந்தபோது, 2010 முதலே இந்தக் கோளாறு வேறு பல கிளைகளில் நேர்ந்திருந்தது தெரிந்தது.

இன்னொன்று. தபால் ஆபீசில் இருப்பவருக்குத் தெரியாமலே, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்து கணக்கை மாற்ற முடியும். "அப்படி முடியவே முடியாது" என்று நிர்வாகம் பல ஆண்டுகளாகச் சாதித்திருந்தது!

தொடக்க கால ஹொரைசனை நம்பத்தக்கது என்று சொல்லவே முடியாது என்றார் நீதிபதி. கோளாறு இல்லை என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது, பூமி தட்டை என்று சாதிப்பதற்குச் சமம் என்றார்.

2019 டிசம்பரில் 5 கோடியே 77½ லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்குப் போய்விட்டது. 2021 ஏப்ரல் 23ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு 39 பேரின் தண்டனையை ரத்துச் செய்தது. அவர்களில் ஜோவும் இருந்தார், சீமாவும் இருந்தார்.

2024 ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு மே மாதம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனை ஒரே நாளில் நீங்கியது. ஆலன் பேட்சுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. புஜிட்சு கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

1999 முதல் 2015 வரை வழக்கில் சிக்கியவர்கள் 900க்கும் மேல். அவர்களில் 700க்கும் மேற்பட்டவர்கள் மேல் தபால் ஆபீஸ் நிர்வாகமே வழக்குப் போட்டது. 2025 ஜூலையில் பொது விசாரணைத் தலைவர் சர் வின் வில்லியம்ஸ் தமது அறிக்கையின் முதல் பகுதியை வெளியிட்டார். இந்தத் துயரம் தாங்காமல் பதிமூன்று பேருக்குக் குறையாமல் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று அதில் கண்டிருக்கிறது. நஷ்ட ஈடாக 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தாயிற்று. போன உயிருக்கு ஈடு ஏது?

என்ன வித்தியாசம்?

லியோவிலும் கோளாறு வந்தது. ஹொரைசனிலும் வந்தது. கோளாறே வராத எந்திரம் உலகத்தில் இல்லை. வித்தியாசம், கோளாறு வந்தபோது யாரை நம்பினார்கள் என்பதில்தான்.

லயன்ஸ் கம்பெனியில், வேலை தெரிந்தவர்களைக் கேட்டு எந்திரத்தை அமைத்தார்கள். ஹொரைசனில், எந்திரத்தை அமைத்துவிட்டு வேலை செய்பவர்களை அதற்குள் அடைத்தார்கள்.

லயன்ஸ், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. ஹொரைசன் வந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கும் நோட்டே துணைப் போஸ்ட் மாஸ்டர் கையிலிருந்து போய்விட்டது.

டீக்கடை மானேஜர் டெலிபோனில் சொன்னது அட்டையில் ஏறியது. துணைப் போஸ்ட் மாஸ்டர் டெலிபோனில் சொன்னது எங்கும் ஏறவில்லை.

இதனால் நஷ்டம் ஊழியர்களுக்கு மட்டுமா? இல்லை. "கணக்கு தவறு" என்று சொன்ன ஒவ்வொருவரும் எந்திரத்தின் கோளாற்றைக் காட்டித்தான் கொடுத்தார்கள். சம்பளம் கேட்காத சோதனைக்காரர்கள் அவர்கள்! அவர்கள் சொன்னதை முதல் ஆண்டிலேயே காதில் வாங்கியிருந்தால், எந்திரமும் திருந்தியிருக்கும். நிர்வாகத்தின் மானமும் தப்பியிருக்கும்.

எந்திரம் வரும் ஆபீசில்

இன்று கம்ப்யூட்டர் நுழையாத ஆபீஸ் இல்லை, கடை இல்லை. புதிய முறை வரும்போது, முதலாளியும் தொழிலாளியும் நாலு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

தினமும் இந்த வேலையைச் செய்பவரைக் கேட்டோமா?

பழைய முறையும் புதிய முறையும் கொஞ்ச காலம் சேர்ந்து நடந்து, இரண்டும் ஒத்துப்போயிற்றா?

கணக்கு எப்படி வந்தது என்று வேலை செய்பவரே புரட்டிப் பார்க்க வழி உண்டா?

எந்திரம் ஒன்று சொல்லி, மனிதர் ஒன்று சொன்னால், இரண்டையும் விசாரிக்க நடுநிலையான ஆள் உண்டா?

நாலுக்கும் 'ஆம்' என்றால் ஊழியர்கள் பயப்படமாட்டார்கள். தவறு வந்தால் மறைக்கமாட்டார்கள், ஓடிவந்து சொல்வார்கள். எந்திரம் நிலைக்கும்.

2021ல் அப்பீல் கோர்ட்டு வாசலில் ஜோ ஹாமில்டன் வெளியே வந்தபோது, அவர் திருடி அல்ல என்று நாடு முழுவதும் தெரிந்தது. சவுத் வார்ன்பரோ மக்களுக்கு அது புதுச் செய்தி அல்ல. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.